380 ராண்ட் இருந்தால் ஐந்து மிருகங்களையும் பார்த்துவிடலாம்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஐந்தையும் பார்த்தாயா?" சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். நான்குதான் என்றால், பரீட்சையில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்கு அந்தப் பட்டியல் மீதே எரிச்சல்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்து போன பழைய வேட்டைக்காரர்கள், எதைச் சுடப் போனால் தங்கள் உயிருக்கு ஆபத்து அதிகம் என்று போட்ட கணக்கு அது. அதனால்தான் ஒட்டகச்சிவிங்கிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அதில் இடமில்லை. துப்பாக்கி போய்க் கேமரா வந்துவிட்டது. பட்டியல் மட்டும் போகவில்லை. தென்னாப்பிரிக்க நோட்டுகளில்கூட அதே ஐந்துதான்: 10 ராண்டில் காண்டாமிருகம், 20இல் யானை, 50இல் சிங்கம், 100இல் காட்டெருமை, 200இல் சிறுத்தை. ஐந்தையும் பார்த்தே தீருவேன் என்பவர்கள் 380 ராண்டை மாற்றி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம்.

அக்காவோடும் அத்தானோடும் ஒரு டிசம்பரில் போயிருந்தேன். லோயர் சாபி முகாமில் தங்கல். அங்கே சொந்தக் காரிலேயே சுற்றலாம். கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மாலை 6.30க்குள் முகாம் கதவுக்குள் வந்துவிட வேண்டும். காலை 4.30க்குக் கதவு திறப்பார்கள். அதற்கு முன்பே அத்தான் என்னை உலுக்கினார். "மாப்பிள்ளை, சிங்கம்! பக்கத்திலேயே உறுமுகிறது!" அடிவயிற்றிலிருந்து வருவது போல, மெதுவாக, கனமாக ஒரு ஒலி. எனக்கும் சிலிர்த்தது.

கதவு திறந்ததும் ஒலி வந்த பக்கம் போனோம். புல்லில் நான்கு கரும்பறவைகள் நடந்துகொண்டிருந்தன, கூட்டத்துக்கு வந்த பஞ்சாயத்துப் பெரியவர்களைப் போல. தரை இருவாச்சிகள். அவற்றின் குரலைச் சிங்கம் என்று நம்பி ஏமாந்தவர்களில் அத்தான் முதல் ஆள் இல்லையாம். "வான்கோழிக்கா இந்த அவசரம்?" என்று ஸ்டியரிங்கில் கையைத் தட்டினார். ஒன்று காருக்கு இரண்டு கஜ தூரத்தில் வந்து நின்று எங்களை ஏறிட்டுப் பார்த்தது. தொண்டையில் ரத்தச் சிவப்பாய்த் தொங்கும் பை, அலகின் நுனியில் ஒரு தவளை, கண்ணுக்கு மேலே நீண்டு வளைந்த இமை முடிகள். உண்மையில் அவை முடி இல்லை, இறகுகள். இந்தப் பறவை இரண்டு முட்டை இட்டாலும் பிழைப்பது ஒரு குஞ்சுதான். இரண்டாவது பட்டினியில் போய்விடும். சராசரியாக ஒரு குடும்பம் ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்குவது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. சிங்கத்தைவிட இது எந்த விதத்தில் குறைச்சல்?

அன்றைக்கே சாபி ஆற்றை ஒட்டிய சாலையில் ஒரு சாண வண்டுக்காக நின்றோம். தலை கீழே, பின்னங்கால்கள் உருண்டைமேல், பின்னோக்கியே உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்தது. நடுவில் நின்று உருண்டைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. திசை பார்க்கும் வழக்கம். இரவில் உருட்டும் இனம் ஒன்று பால்வெளியின் ஒளியை வைத்தே நேர்கோட்டில் போகிறது என்று 2013இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எங்கள் பின்னால் வந்த ஒரு சுற்றுலா வண்டி ஹாரனை அழுத்தியது. ஓட்டுநர் கையில் கைபேசி. எங்கோ சிறுத்தை என்று செய்தி வந்திருக்க வேண்டும். எங்களைச் சுற்றிக்கொண்டு 50ஐத் தாண்டிய வேகத்தில் பறந்தார். சக்கரத்துக்கும் வண்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று கைபேசியில் சொல்லும் செயலிகளால்தான் வேகமும் நெரிசலும், விலங்குகள் அடிபடுவதும் என்று 2016இலேயே பூங்கா நிர்வாகம் புலம்பியது.

பட்டியல் கண்ணை மட்டும் கெடுக்கவில்லை. 1898இல் சாபி காப்பகமாக ஆரம்பித்து 1926இல் தேசியப் பூங்காவான இந்த இடத்தில், மான்களைத் தின்கிறது என்று பல ஆண்டுகள் காட்டு நாய்களைச் சுட்டுத் தள்ளினார்கள். இன்று தென்னாப்பிரிக்கா முழுவதிலும் எஞ்சியவை சில நூறு. எது மதிப்புள்ள விலங்கு, எது பீடை என்று மனிதன் எழுதி வைத்ததன் விளைவு. பட்டியலில் இருந்தாலும் நிம்மதி கிடையாது: கொம்புக்காக 2014இல் மட்டும் க்ரூகரில் 827 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். ஆகவே அங்கே காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால் இடத்தைக் குறிப்பிட்டுச் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். உங்களுக்கு ஐம்பது விருப்பக்குறி. கொம்புத் திருடனுக்கு வரைபடம்.

முகாமில் ஒரு வரைபடப் பலகை உண்டு. எந்த விலங்கை எங்கே பார்த்தோம் என்று நிறம் நிறமாய்ப் பொட்டு வைக்கலாம். அக்கா தரை இருவாச்சிக்கு நிறம் தேடினாள். கிடைக்கவில்லை. சிங்கத்தின் நிறத்தை எடுத்து வைத்துவிடட்டுமா என்று அத்தானைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் நான்கு மணிக்கு மீண்டும் அதே ஒலி. அத்தான்தான் எழுப்பினார். "எழுந்திரு மாப்பிள்ளை, உன் வான்கோழிகள் கூப்பிடுகின்றன."