அர்ஜுனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நம் நாட்டில் செய்த அர்ஜுன் டேங்க் பற்றி நேற்று டிவியில் நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஐம்பது வருஷமா ஒரு டேங்க் செய்யத் தெரியல" என்று விவாதத்தில் ஒருவர் சொன்னதும் நெறியாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அர்ஜுன் திட்டம் 1974-இல் 15.5 கோடி ரூபாயில் தொடங்கியது. முதல் ஐந்து டேங்க் ராணுவத்துக்குப் போனது 2004-இல். தாமதம்தான், மறுக்கவில்லை. ஏன் தாமதம் என்று ஒருவராவது கேட்டீர்களா? 105 மி.மீ. பீரங்கி என்றுதான் ஆரம்பித்தார்கள். நடுவில் ராணுவம் கேட்டு அது 120 ஆனது. பீரங்கி பெரிதானால் டரட் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி) பெரிதாகும், எடை ஏறும், எஞ்சினும் சஸ்பென்ஷனும் மாறும். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். அர்ஜுனின் அடுத்த வகைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். 58.5 டன் இருந்தது 68 டன் ஆனது. அப்புறம் "ரொம்ப கனம், பாலம் தாங்காது" என்றார்கள். அந்தக் கனத்தைக் கேட்டு வாங்கியது யார்?

அப்பா சென்னை ஆவடி டேங்க் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சின்ன வயதில் எனக்கு நினைவிருக்கிறது, ஒரு நாள் வந்து கை கூடக் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "போன மாசம் மாட்டினதை இன்னிக்குக் கழட்டினோம். டிராயிங் மாறிடுச்சாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அது ஒரு நாள் கதை இல்லை.

"வீரர்களின் உயிர் விஷயம், சிறந்ததைக் கேட்கக் கூடாதா?" என்பீர்கள். கேளுங்கள், தொடங்கும் முன்பே கேளுங்கள். பாதியில் தோன்றியதை அடுத்த தொகுதிக்கு வையுங்கள். எஞ்சின் ஜெர்மனியுடையதுதானே என்றால், ஆமாம், நம் எஞ்சின் வரவில்லை. அது நம் தோல்விதான். சரி, 2001-இல் ரஷ்யாவிடம் 310 டி-90 டேங்க் வாங்கினோமே, ராஜஸ்தான் வெயிலில் அதன் இரவுப் பார்வைக் கருவி பழுதானபோது யாராவது இப்படிச் சிரித்தீர்களா?

2020-இல் கல்வானில் சீனாவோடு நடந்த மோதலுக்குப் பிறகு ராணுவம் கேட்ட ஜோராவர் என்ற இலகு டேங்கைப் பாருங்கள். 25 டன் என்று வரம்பு வைத்தார்கள். 2024 ஜூலையில் குஜராத்தின் ஹஜிராவில் முன்மாதிரி வந்து நின்றது. அதை வடிவமைத்ததும் ஆவடி ஆட்கள்தான். கேட்டதை நடுவில் மாற்றாமல் இருந்தால் நமக்கும் செய்ய வரும். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன்.

நேற்று அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். சிரிப்புச் சத்தம் வந்ததும் ரிமோட்டை எடுத்து சவுண்டைக் குறைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் அந்த இரும்போடு கிடந்த மனுஷர். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.