டயர் மாற்றினால் போதுமா?
பைக்குக்கு முரட்டு டயர் போட்டால் எந்த மண் பாதையிலும் ஓட்டலாம், அதற்குப் பயிற்சி வகுப்பெல்லாம் எதற்கு என்று ஒரு கட்டுரை கேட்கிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். 20 வருட அனுபவத் திமிரோடு என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வெளியே ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். முதல் ஒரு மணி நேரம் ஓட்டவே விடவில்லை. விழுந்த வண்டியைத் தூக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 200 கிலோ! வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கால் பலத்தில் தள்ளினால் எழுந்துவிடுகிறது. அப்புறம் நின்றபடி, முழங்காலால் டேங்கை இறுக்கி ஓட்டுவது. மணலில் முன்சக்கரம் ஆடியதும் பழக்கதோஷத்தில் முன்பிரேக்கைப் பிடித்து இரண்டு முறை விழுந்தேன். ஆக்சிலரேட்டரை விடாமல், பார்வையைத் தூரத்தில் வைத்த பிறகுதான் வண்டி நேரே போனது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் யூடியூப் பார்த்தே கற்கலாம் என்கிறார். பிரேக்கைத் தேடும் விரலை யூடியூப் எப்படிங்க தடுக்கும்?