சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று முதலில் கேளுங்கள்

ரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் (கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் உண்டாக்கும் பொருள்) 10-ஐத் தாண்டினால் கல்லீரலில் கோளாறு என்று நான் படித்த கட்டுரை ஒன்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: லிட்டருக்கு 10 மைக்ரோமோல் என்பது வெறும் வயிற்றுக்கான கணக்கு. சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிப் பித்தம் குடலுக்கு இறங்கும். அங்கே உறிஞ்சப்படும் பித்த அமிலம் கல்லீரலுக்குத் திரும்பும் வழியில் கொஞ்சம் ரத்தத்தில் தப்பிவிடும். நன்றாக இருப்பவருக்கே அப்போது 14, 15 வரலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்குச் சாப்பிட்ட பின் எடுத்த ரத்தமானால் 19-ஐ எல்லையாக வைக்கிறார்கள். 100-ஐத் தொட்டால் விளையாட்டில்லை, வயிற்றிலுள்ள குழந்தைக்கே ஆபத்து.

அப்புறம், கட்டுரை தொடாத விஷயம் ஒன்று. பித்தத் தேக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் உர்சோடீஆக்ஸிகோலிக் மாத்திரையும் ஒரு பித்த அமிலம்தான். நாங்கள் வழக்கமாகச் செய்யும் நொதி முறையில், பித்த அமிலம் நொதியோடு வினைபுரிந்து குப்பிக்குள் மஞ்சள் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று 405 நானோமீட்டர் ஒளியில் கருவி பார்க்கும். எது உடம்புடையது, எது மாத்திரையுடையது என்று அதற்குத் தெரியாது, சேர்த்துத்தான் எண்ணும். பிரித்துப் பார்க்க, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். பரிசோதனைப் படிவத்தில் மாத்திரையைக் குறிப்பிடாமல் அனுப்பிவிட்டு, "ஏன் சார் இன்னும் குறையவே இல்லை?" என்று போனில் கேட்டால் நான் என்ன சொல்ல?