ஓவியம் வந்தது கடைசியில்
2012-இல் வரைந்த சுவரோவியங்களால்தான் மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் உயிர்பெற்றது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது வரிசையைத் தலைகீழாக்குகிறது. பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு முழுசாக விலகியதும், புது வாடகை கட்டுப்படியாகாமல் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள்; கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றில் சாப்பிடும் கூட்டுக்காகக் குருவி வளர்ப்பது புகுந்தது. யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊருக்கு இடம் கிடைத்தது 2008-இல். ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் லெபு ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்தது அதற்கும் பின்னால்தான். லெபு பாசார், குயின் தெரு பக்கம் பூக்கடையும் மளிகையும் எந்த ஓவியத்தையும் நம்பி ஓடியதில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர், இந்தச் சுவர்ப் படங்கள் உரிவதற்கு மட்டமான பெயிண்ட் காரணம் என்கிறார். உசத்தியான பெயிண்டும் உரியும் ஐயா. அந்தக் காலத்துச் செங்கல் சுவர்களில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் மேலேறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காயும். அதன்மேல் சிமெண்டோ அக்ரிலிக்கோ ஏற்றினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சுவரின் அடிப்பகுதியில் கொப்புளம் கிளம்பும். சிமெண்டைக் கொத்தியெடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்க்க வேண்டும் (தண்ணீர் விட்டால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும்). சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து பூசி, சில நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு சுண்ணாம்பை மெல்லிசாகப் பல கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இடையே காயவிடாமல் அவசரப்படுகிற கான்ட்ராக்டர் அடித்த சுவரைத் தொட்டுப் பாருங்கள், வெள்ளைத் தூள் உள்ளங்கையில் ஒட்டும்.