நோய் இல்லாத கச்சானுக்கு எதற்கு மருந்து?

கச்சானுக்குப் பங்கசுக்கொல்லி ஊற்றச் சொல்லிய ஒரு விவசாயிகள் கூட்டத்துக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பங்கசு எண்டாலே நோய்தான், விதைச்ச கையோட வேரடியில ஊத்திவிடுங்கோ" என்கிறார் மேடையில் பேசியவர். ஒரே ஒரு ஐயா மட்டும் "நோய் இல்லாட்டியும் ஊத்தோணுமோ?" என்று கேட்டார். சிரித்தே அவரை இருத்திவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பங்கசு எல்லாம் நோய் இல்லை. கச்சான், மிளகாய், வெங்காயம் எல்லாவற்றின் வேருக்குள்ளும் ஒரு பங்கசு குடியிருக்கிறது. செடி அதற்குச் சீனி கொடுக்கும். அது வேர் எட்டாத இடத்துக்கு இழை விட்டுப் பொசுபரசுச் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் செம்மண்ணில் பொசுபரசு இரும்போடு பிணைந்து கிடப்பதால் அந்த உதவி இங்கே இன்னும் தேவை. 40 கோடி வருடப் பழைய உறவு, கல்லாகிப் போன செடிகளிலேயே கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பங்கசு இல்லாவிட்டால் பயிர் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர் வயலில் பெனோமில் என்ற பங்கசுக்கொல்லியை ஊற்றுவது வழக்கம். பெனோமில் மண்ணில் உடைந்து காபன்டாசிம் என்ற பங்கசுக்கொல்லியாகத்தான் மாறும். அவர்கள் வேண்டுமென்றே அழிக்க ஊற்றியதை, நாங்கள் கடனுக்கு வாங்கி ஊற்றுகிறோம். நல்ல முன்னேற்றம்!

முன்பும் இதை எழுதியபோது, "எல்லா மருந்தும் அப்படியில்லை" என்று ஒரு தம்பி பதில் எழுதியிருந்தார். சரி, உண்மைதான். மெற்றலக்சில் போன்ற மருந்துகள் இந்தப் பங்கசைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் எது தொடும், எது தொடாது என்று அந்த மேடையில் யாராவது வாய் திறந்தார்களா? விதைக்கு மருந்து பிரட்டி நடுவது வேறு கதை, அதை இங்கே இழுக்காதீர்கள்.

அப்புறம் வழமையான குத்தல்: "2021இல இரசாயனப் பசளையை நிப்பாட்டி நாடு பட்டது காணாதோ, நீயும் அந்தக் கூட்டமோ?" நான் எந்தக் கூட்டமும் இல்லை. மருந்தே வேண்டாம் என்று எங்கே எழுதினேன்? அழுகல் வந்தால் அடியுங்கள், நானும் அடிக்கிறேன். நோய் வராத தோட்டத்துக்கு ஊற்றாதீர்கள் என்கிறேன். இதை எத்தனை தரம்தான் எழுதுவது?

முல்லைத்தீவு முத்தையன்கட்டில் என் மாமா மீள்குடியேறிப் பற்றை வெட்டி மிளகாய் வைத்தவர். கடைக்காரர் சொன்னார் என்று கிழமைக்குக் கிழமை வேரடியில் ஊற்றினார். செடி வளராமல் நின்றது. மருந்துதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அதே கடையில் "பொசுபரசு காணாது" என்று ரி.எஸ்.பி என்ற பொசுபரசுப் பசளையைக் கொடுத்தார்கள். அதை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் வேர் அந்தப் பங்கசைச் சேர்ப்பதும் குறையும். பிறகு இன்னொரு மூட்டை, இன்னொரு போத்தல்.

"எங்கட சனத்துக்கு இதெல்லாம் விளங்காது" என்று நேற்று ஒரு படித்தவர் எழுதியிருந்தார். முகாமில் இருந்து வெறுங்கையோடு வந்து காட்டைத் தோட்டமாக்கிய சனத்துக்கு விளங்காதாம். கடன் கொப்பியில் வட்டி ஏறுவது மாமாவுக்கு நன்றாகவே விளங்குகிறது. இந்தப் போகத்து மிளகாய்க் காசும் வீட்டுக்கு வரவில்லை, நேரே கடைக்குத்தான் போனது.