மானிட்டர்தான் முதல் இரும்புக்கவசக் கப்பலா?

"உலகின் முதல் இரும்புக்கவசப் போர்க்கப்பலைக் கண்டுபிடித்தவர் ஜான் எரிக்சன், அவருடைய மானிட்டர், எதிரியின் வர்ஜீனியா என்ற கப்பலை மூழ்கடித்தது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிரான்சின் லா குளோர் என்ற இரும்புக்கவசக் கப்பல் 1859-லேயே கடலில் இறங்கிவிட்டது. சுவீடனில் பிறந்து, இங்கிலாந்தில் சில காலம் இருந்துவிட்டு 1839-இல் அமெரிக்காவில் குடியேறிய எரிக்சனின் கப்பல் மிதந்தது 1862 ஜனவரியில்தான். அதில் புதுமை, சுழலும் பீரங்கிக் கூண்டு. நீர்மட்டத்தை ஒட்டிய தட்டையான மேல்தளம், அதன்மேல் ஓர் இரும்பு உருளை, உள்ளே இரண்டு பீரங்கிகள். நீராவி விசையில் கூண்டு திரும்பும். குறிபார்க்கக் கப்பலையே திருப்ப வேண்டியதில்லை. (இங்கிலாந்தில் கோல்ஸ் என்பவரும் இதே யோசனையோடுதான் இருந்தார்.)

சரி, சண்டை? அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9 அன்று, ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற கடற்பகுதியில் வடக்கின் மானிட்டரும் தெற்கின் வர்ஜீனியாவும் மணிக்கணக்கில் மோதியும் யாருக்கும் வெற்றியில்லை. மே மாதம் வர்ஜீனியாவை அதன் மாலுமிகளே தகர்த்தார்கள். மூழ்கியது மானிட்டர்தான், அதே ஆண்டு டிசம்பர் 31-இல், புயலில்.