சோவியத் சிலையும் பைபிள் வசனமும்

நியூயார்க் போய்வரும் நம்மவர்கள் ஐ.நா. தோட்டத்தில் ஒரு வெண்கலச் சிலை முன்னால் நின்று படம் எடுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுமஸ்தான ஆள், ஓங்கிய கையில் சுத்தியல், மறு கையில் வாள். வாளின் அடிப்பகுதி வளைந்து கலப்பைக் கொழுவாகிக்கொண்டிருக்கும். பலர் ‘சமாதானச் சிலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் உண்மையான பெயர் ‘வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்போம்’.

சிற்பி யெவ்கேனி வுச்செடிச். 1959 டிசம்பரில் சோவியத் யூனியன் ஐ.நா.வுக்குக் கொடுத்த பரிசு இது. அந்த செப்டம்பரில்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதே ஐ.நா.வில் உலகம் முழுக்க ஆயுதங்களை ஒழிப்போம் என்று பேசியிருந்தார். அடுத்த இரண்டே ஆண்டில் 50 மெகாடன் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? பைபிளிலிருந்து. ஏசாயா, மீகா என்ற இரண்டு தீர்க்கதரிசிகளின் நூல்களில், ஏசாயா 2:4-இலும் மீகா 4:3-இலும் இருக்கிற வரி. கடவுளே இல்லை என்ற அரசு தீர்க்கதரிசி சொன்னதை எடுத்துப் பெயராக வைத்திருக்கிறது! இத்தனைக்கும் அதே பைபிளில் யோவேல் 3:10 நேர்த் தலைகீழாக, மண்வெட்டியை வாளாக அடியுங்கள் என்கிறது. ஐ.நா.வுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் ஒரு மதிலில் ஏசாயாவின் வரி பொறித்திருக்கிறது. அங்கேகூட அவர் பெயரை 1975-ல்தான் சேர்த்தார்கள்.

இந்தப் பெயரை உண்மையிலேயே நம்பியவர்கள் என்று நான் சொல்வது, அன்று கம்யூனிஸ்ட் ஆட்சியில் சோவியத் பக்கம் இருந்த கிழக்கு ஜெர்மனியின் இளைஞர்களைத்தான். 1980-ல் அங்கே தேவாலயங்களின் அமைதி இயக்கம் வுச்செடிச் சிலையின் உருவத்தை வட்டமாக வரைந்து, சுற்றி அந்த வாசகத்தைப் போட்டது. கூடவே ‘மீகா 4’ என்று மூலத்தையும் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் அச்சடிக்க அரசு அனுமதி வேண்டும், துணியில் அடித்தால் வேண்டாம். அதனால் துணியில் அடித்தார்கள். பையன்களும் பெண்களும் சட்டைக்கையில் தைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அரசு என்ன செய்யும்? தோழமை நாடு பரிசாகக் கொடுத்த சிலையைத் தேசவிரோதம் என்று சொல்ல முடியுமா? ஆனாலும் தடைபோட்டது. போலீஸ் பிய்த்தெடுக்கச் சொன்னது. சிலர் வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த ஓட்டையோடேயே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அப்புறம் 1983 செப்டம்பரில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஊரான, அதே கிழக்கு ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில், இரவில் கூட்டத்தின் நடுவே, ஒரு கொல்லர் நிஜ வாளையே உலையில் காய்ச்சிக் கொழுவாக அடித்துக் காட்டினார்.

பெயர் வைத்த அரசுக்கு அது பிரசாரம், அவ்வளவுதான். இரவல் வாங்கிய வரியை யாராவது நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று மாஸ்கோவில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால் ‘எல்லாம் பாசாங்கு, சிலையையே அகற்ற வேண்டும்’ என்று இப்போது கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிலை இருக்கட்டும். கீழே மூலத்தையும் எழுதி வையுங்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு துணித்துண்டில் செய்ததை ஐ.நா.வால் செய்ய முடியாதா?